காரணம் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம்

வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பலருக்குச் சட்டத்தில் குறையே இருக்காது. அவர்கள் கேட்பது அவர்களுக்கு உரியதுதான். அதைக் கொடுக்க வேண்டிய மேஜையில்தான் சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா விதவை ஓய்வூதிய விண்ணப்பத்தோடு வந்தார். மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள், ஒவ்வொரு முறையும் வாய்வார்த்தையாக ஒரு புதுக் காரணம் சொல்லி. "காரணத்தை எழுத்தில் கொடுங்கள்" என்று ஒரே ஒரு கடிதம் போட்டோம். நான்காவது முறை அதே தாள்கள், ஒரு வரிகூட மாறாமல், ஏற்கப்பட்டன.

இந்த அனுபவம் மனதில் இருந்ததால்தான், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் 1962இல் கொண்டுவந்த சட்டங்களைப் படித்தபோது ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். வாக்காளராகப் பதிய வந்தவரை நிராகரித்தால், ஏன் என்று பதிவாளர் அவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த விண்ணப்பத்துக்கு உதவி செய்ததாக ஆகிவிடலாம் என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டில் இன்னொரு விதி: விண்ணப்பித்தவர்களின் பெயர்களை உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும். பண்ணை முதலாளியும் கடன் கொடுத்தவரும் அதைப் படிப்பார்கள். கறுப்பினத் தொழிலாளி ஒருவருக்கு அதன் பொருள் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இன நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆம் திருத்தம் 1870இலேயே சொல்லிவிட்டது. ஆகவே தென் மாநிலங்கள் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் வேலையை முடித்தன. மிசிசிப்பி 1890இல் புது அரசியலமைப்பு எழுதி, வாக்களிக்கக் கட்ட வேண்டிய ஒரு வரியும், அரசியலமைப்பைப் படிக்கும் அல்லது அதற்குப் பொருள் சொல்லும் தேர்வும் வைத்தது. பின்னாளில் அது 21 கேள்விகள் கொண்ட படிவமாக வளர்ந்தது. பதிவாளர் காட்டும் பிரிவை அப்படியே எழுதி, அதற்கு விளக்கமும் எழுத வேண்டும். எந்தப் பிரிவு என்பது அவர் விருப்பம். விளக்கம் சரியா தவறா என்பதும் அவர் விருப்பம்.

லூசியானா மாநிலத்தின் இதே மாதிரித் தேர்வு பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதைப் பதிவு செய்திருக்கிறது. உயர்கல்வி படித்த கறுப்பினத்தவர்களுக்கு அரசியலமைப்பு புரியவில்லை என்று அவர்களைவிடக் குறைவாகப் படித்த பதிவாளர்கள் முடிவு செய்தார்கள். பேச்சுரிமை என்பதையே எழுத்துக்கூட்டி எழுதத் தெரியாத ஒரு வெள்ளையரின் விளக்கம் ஏற்கப்பட்டது.

1962 ஆகஸ்ட் 31 அன்று ஃபேனி லூ ஹேமர் மிசிசிப்பியின் ரூல்வில்லிலிருந்து மற்ற 17 பேரோடு பஸ்ஸில் இண்டியனோலா நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனார். பருத்திப் பண்ணையில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவருக்குக் கொடுக்கப்பட்டது மாநில அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு. ஒரு செயல் நடந்து முடிந்த பிறகு அதைக் குற்றமாக்கும் சட்டம் கூடாது என்று சொல்லும் பிரிவு அது. சட்டக் கல்லூரியில் நாங்கள் வாரக்கணக்கில் படித்த பாடம். அவர் தேறவில்லை. திரும்பும் வழியில் பஸ் அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறது என்று சொல்லி அபராதம் போட்டார்கள். வீட்டுக்கு வந்தால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் பண்ணையை விட்டுப் போ என்றார் முதலாளி. அன்றிரவே அவர் வெளியேறினார். 1963 ஜனவரியில் மறுபடி எழுதித் தேறினார். அப்புறம் வாக்களிக்கப் போனபோது, வரி கட்டிய ரசீது இரண்டு வேண்டும் என்றார்கள்.

சரி, நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று தோன்றும். போனார்கள். அலபாமாவின் செல்மா நகரம் இருக்கும் டல்லஸ் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். பதிவானவர்கள் 156 பேர். மத்திய அரசின் நீதித்துறையே 1961இல் வழக்குத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நடத்தியது. முடிவில் எண்ணிக்கை 383. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் எல்லோரும் பதிய 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இத்தகைய வழக்கு ஒன்றுக்குப் பதிவேடுகளை அலசவே 6,000 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது உண்டு. ஒரு தேர்வைத் தடுத்தால் இன்னொரு தேர்வு முளைக்கும். ஓய்வூதிய வழக்கில் தாமதமாக வென்றாலும் நிலுவை சேர்ந்து வரும். தேர்தல் முடிந்த பின் வரும் தீர்ப்பு அந்தத் தேர்தலைத் திருப்பித் தராது.

செல்மாவின் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே திங்கட்கிழமைகள் திறந்திருந்தது. 1965 ஜனவரி 22 அன்று நூறுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள், ஃபிரெடெரிக் ரீஸ் என்ற ஆசிரியரின் தலைமையில், அந்தக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். சிறைக்குப் போகத் தயாராகப் பல்துலக்கும் பிரஷ் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது வெள்ளையர் கையிலிருந்த கல்வி வாரியம். மறுநாள் வேலை போகலாம். பிள்ளைகளுக்குக் குடிமக்களின் உரிமைகளைக் கற்றுக்கொடுப்பவர்கள், அந்த உரிமை தங்களுக்கு இல்லாமல் வகுப்பில் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் காவல் தலைவரான ஷெரிஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள் அவர்களைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள்.

மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் நடந்தது பலருக்கும் தெரியும். 25 வயது ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் முன்னால் நடக்க, வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன சுமார் 600 பேர் மீது போலீஸின் தடியடியும் கண்ணீர்ப்புகையும். பலர் கவனிக்காத ஒன்று, நான் மேலே சொன்ன லூசியானா தீர்ப்பு வந்தது மறுநாளே, மார்ச் 8.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தான வாக்குரிமைச் சட்டத்தை ஒரு வக்கீலாக நான் மதிப்பதற்குக் காரணம், அது நிரூபிக்கும் பொறுப்பை இடம் மாற்றியதுதான். 1964இல் இந்த மாதிரித் தேர்வுகளை வைத்திருந்து, வாக்களிக்கும் வயதினரில் பாதிப் பேர்கூடப் பதியாத அல்லது வாக்களிக்காத பகுதிகளில் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. தேவைப்பட்ட இடங்களுக்கு மத்திய அரசின் அலுவலர்களே போய்ப் பதிவு செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பகுதிகள் வாக்குப்பதிவில் எந்த விதியை மாற்றினாலும், அதில் இனப் பாகுபாடு இல்லை என்று அவைதான் முதலில் நிரூபித்து அனுமதி வாங்க வேண்டும். மிசிசிப்பியில் பதிவான கறுப்பினத்தவர் 1964இல் 6.4 சதவீதம், 1967இல் ஏறத்தாழ 60 சதவீதம். 1966 தேர்தலில் ஜிம் கிளார்க் பதவி இழந்தார்.

2013 ஜூன் 25 அன்று, அலபாமாவின் ஷெல்பி கவுன்ட்டி தொடுத்த வழக்கில், எந்தப் பகுதிகள் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அளவுகோலை உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. முன் அனுமதிப் பிரிவு ஏட்டில் அப்படியே இருக்கிறது; அது பொருந்தும் இடம்தான் இல்லாமல் போனது. நிரூபிக்கும் சுமை மறுபடியும் வாக்காளரின் தோளில். சில வாரங்களிலேயே வட கரோலைனா ஒரு சட்டம் கொண்டுவந்தது. முன்கூட்டி வாக்களிக்கும் நாட்கள் 17இலிருந்து 10ஆகக் குறைந்தன. பதிவு செய்த அன்றே வாக்களிக்கும் வசதி போனது. எந்த வசதியை எந்த இனத்தவர் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தை முன்பே கேட்டு வாங்கிக்கொண்டு செய்த வேலை இது. கறுப்பினத்தவரை ஏறத்தாழ அறுவை சிகிச்சையின் துல்லியத்தோடு குறிவைத்த சட்டம் என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 ஜூலையில் அதை ரத்து செய்தது. 2014 நவம்பர் தேர்தல் அதற்குள் அந்த விதிகளின்படியே நடந்து முடிந்திருந்தது.