டவ்காட் 2.4 போட்டவர்கள் இன்றைக்கே இரண்டாவது சர்வரைத் திறந்து பாருங்கள்

போன வாரம் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், டவ்காட் (மெயில்களைச் சேமித்து நமக்குத் தரும் மென்பொருள்) ஓடிய மெயில் சர்வரின் டிஸ்க் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போனில் பதற்றமே இல்லாமல், "அண்ணே, ரெண்டாவது சர்வர்ல எல்லாம் கிடக்கும், அதை மட்டும் ஏத்தித் தாங்க" என்றான். நாகர்கோவிலிலிருந்து போய்ப் பார்த்தால், அதில் கடைசி மெயில் மூன்று மாதத்துக்கு முந்தையது. அதற்கப்புறம் வந்த ஆர்டர், ஷிப்பிங் பேப்பர், பேங்க் கடிதம் எதுவும் இல்லை. இதே கதையை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை.

சர்வர்களில் ஓடும் லினக்ஸ் சிஸ்டமான டெபியன் 12-இல் இருந்தது டவ்காட் 2.3. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 2.4. புள்ளிக்கு அப்புறம் ஒரு எண்தானே மாறியிருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பழைய கான்ஃபிக், அதாவது செட்டிங் ஃபைல், இதில் ஓடவே ஓடாது. இந்தத் தம்பியும் அப்டேட் போட்டான், டவ்காட் எழவில்லை, பிழைகளை எழுதிவைக்கும் லாக் எந்த வரியைக் குறை சொல்கிறதோ அதை அழித்து ரீஸ்டார்ட், மறுபடி அடுத்த வரி, மறுபடி ரீஸ்டார்ட். அப்படி அழித்ததில் ரெப்ளிகேஷன் வரிகளும் போயின. இரண்டு சர்வரையும் ஒன்றுபோல வைத்திருந்த அந்த வசதியே 2.4-இல் நீக்கப்பட்டுவிட்டது. மெயில் வர ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டான்.

சரி, ரெப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருந்தாலும் அது பேக்கப் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! கணக்குப் பார்ப்பவர் கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அடுத்த சில நொடியில் இரண்டாவது சர்வரிலும் அது அழியும். பாஸ்வேர்டைத் திருடி எவனோ இன்பாக்ஸைத் துடைத்தால் இரண்டு பக்கமும் துடைபடும். அதன் வேலையே அதுதான், இங்கே நடப்பதை அங்கேயும் நடத்துவது. ஒரு மெஷின் படுத்தால் இன்னொன்று நிற்கும், அவ்வளவுதான். நேற்று எப்படி இருந்தது, போன வாரம் எப்படி இருந்தது என்று திரும்பிப் போய் எடுக்க முடிந்தால் மட்டும் அதை பேக்கப் என்று சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முன்பு 'டிசேபிள் பிளெயின்டெக்ஸ்ட் ஆத்' (மறைக்காத பாஸ்வேர்டைத் தடு) என்று இருந்த வரிக்குப் பதில் இப்போது 'ஆத் அலவ் கிளியர்டெக்ஸ்ட்' (மறைக்காத பாஸ்வேர்டை விடு). அர்த்தம் நேர் எதிர். பழையதில் 'எஸ்' (yes) இருந்ததே என்று இதிலும் 'எஸ்' போட்டால், பாஸ்வேர்டை மறைக்காமலே அனுப்பக் கதவைத் திறந்துவிடுகிறீர்கள். குளச்சலில் ஒரு மீன் கம்பெனியில் இதை என் கண்ணால் பார்த்தேன். மெயிலுக்குள் தேட இருந்த லூசீன், ஸ்குவாட் என்ற இரண்டு கருவிகளும் போய் ஃபிளாட்கர்வ் வந்திருக்கிறது. தேடல் இண்டெக்ஸை மறுபடி கட்டிக்கொள்ளலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

இனி அப்டேட் போடுகிறவர்கள் முதலில் பழைய கான்ஃபிக்கை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். என்னென்ன நீக்கப்பட்டது என்று டவ்காட்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், அதை வாசிக்காமல் கை வைக்காதீர்கள். லாக் திட்டுகிற வரியை அழிக்கும் முன், அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் இதைத் தொடவே வேண்டாம். டவ்காட்டின் சின்க், பேக்கப் கட்டளைகள் இன்னும் இருக்கின்றன, குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் க்ரானில் தினமும் இரவு ஓடவிடலாம். ஆனால் அதுவும் அழித்ததை அங்கேயும் அழிக்கும் என்பதால், தேதிவாரியாகத் தனித்தனிக் காப்பி வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும்.

முதலாளிமார் யாராவது வாசித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் சர்வரைப் பார்க்கிற பிள்ளையிடம், இரண்டாவது சர்வரில் கடைசி மெயில் எந்தத் தேதி என்று கேளுங்கள். பதில் வர நேரமானால் ஏச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, சேர்ந்தே திறந்து பாருங்கள்.