நெருஞ்சிச் சாறும் ஆண் மீன்களும்

திலேப்பியா மீன் வளர்ப்பவருக்குப் பெரிய தலைவலி, அதன் இனப்பெருக்க வேகம்தான். பெண் மீன் சில மாதங்களிலேயே பருவமடைந்து முட்டையிட்டு, அவற்றை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். அந்த நாட்களில் அது இரையெடுப்பது அரிது. குளமோ பொடிக்குஞ்சுகளால் நிரம்பி, எல்லாம் சேர்ந்து சவலையாக நின்றுவிடும். ஆண் மீன் வேகமாக எடை போடும். அதனால்தான் குளத்தில் ஆண்களை மட்டும் விட விரும்புகிறார்கள்.

நைல் திலேப்பியா என்னும் வகையில், எக்ஸ்-ஒய் குரோமோசோம்கள் இருந்தால் ஆண், எக்ஸ்-எக்ஸ் இருந்தால் பெண். ஆனால் அப்போதுதான் இரை தின்னத் தொடங்கும் குஞ்சின் இனச்சுரப்பி இன்னும் எந்தப் பக்கமும் சாயாத மெல்லிய இழை. பெண் குஞ்சில் அரோமடேஸ் என்னும் நொதி, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை எஸ்ட்ராடையால் என்னும் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. இந்தப் பெண் ஹார்மோன் சுரந்தால் சினைப்பை உருவாகும். அதைத் தடுத்துவிட்டால், எக்ஸ்-எக்ஸ் குஞ்சுகூட விந்து சுரக்கும் ஆணாகிவிடும். மரபணு மட்டும் பழையபடியே இருக்கும்.

குஞ்சுப் பண்ணைகள் இதற்கு மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் செயற்கை ஆண் ஹார்மோனைக் கிலோ தீவனத்துக்குச் சுமார் 60 மில்லிகிராம் கலந்து, 21 முதல் 28 நாட்கள் வரை கொடுக்கின்றன. நன்றாகவே பலிக்கிறது. ஆனால் மருந்தைக் கையாள்பவரின் உடல்நலம், சேற்றில் தங்கும் எச்சம் ஆகியவை குறித்த கவலையும் உண்டு. எனவேதான் ஆய்வாளர்களின் பார்வை செடிகள் பக்கம் திரும்பியது. நெருஞ்சி, பூனைக்காலி விதை, கொடிப்பசலை ஆகியவற்றைச் சோதித்திருக்கிறார்கள். நெருஞ்சியில் சப்போனின்கள் என்னும் நுரைக்கும் தன்மையுள்ள பொருட்கள் உண்டு. கிரைசின் போன்ற, ஃபிளேவனாய்டு என்னும் வகைத் தாவரப் பொருட்கள் சோதனைக் குழாயில் அரோமடேஸை முடக்குகின்றன. எல்லாச் செடியும் ஆண் பக்கமே தள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் என்னும் பொருள் பெண் ஹார்மோன் போலவே நடந்துகொள்ளும்.

செய்முறை எளிது. உலர்த்திப் பொடித்த செடியை எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, தீவனப் பொடியில் தெளித்து, சாராய வாடை போகும்வரை காயவிடுகிறார்கள். வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கரு தீர்ந்ததும் குஞ்சுக்கு முதல் இரையாகவே இது போய்ச் சேர வேண்டும். தாமதித்துச் சினைப்பை உருவாகிவிட்டால், அப்புறம் எவ்வளவு கொட்டினாலும் பயன் சொற்பம்.

பலித்ததா என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும். வளர்ந்த குஞ்சை அறுத்து, நூல் போன்ற சுரப்பியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு விட்டு நசுக்கிப் பார்ப்பார்கள். பெண் என்றால் நடுவில் உட்கருவோடு வட்ட வட்டமாக முட்டைகள் தெரியும். ஆண் என்றால் தூவிய பொடி போல நுண்புள்ளிகள். சிலவற்றில் இரண்டும் கலந்தே கிடக்கும்.

செடியின் சத்து மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதால், இத்தனை கிராம் பொடி என்ற கணக்கு ஊருக்கு ஊர் பொய்த்துப்போகும். என் பார்வையில் இந்த முறையின் பெரிய பலவீனம் இதுதான். மூலிகைதானே என்று அளவைக் கூட்டவும் முடியாது. குளத்தில் வேண்டாத மீன்களைக் கொல்ல இலுப்பைப் பிண்ணாக்கு போடுகிறார்கள் அல்லவா? அங்கே கொல்வதும் சப்போனின்தான்.