பேனாக்கத்தியில் பேனா எங்கே?

சட்டைப்பையில் அடங்கும் சிறிய மடக்குக் கத்தியைப் பேனாக்கத்தி என்கிறோம். அதில் பேனாவும் இல்லை, பேனாவுக்கு அதனால் ஆகும் வேலையும் இல்லை. பேனாவைப் போல் மெலிந்து நீண்டிருப்பதால் வந்த பெயர் என்று பொருள் கொள்வோர் உண்டு. அது சரியன்று.

ஆங்கிலத்தின் 'பென்னைஃப்' என்ற சொல்லைத் தமிழில் பெயர்த்ததால் வந்தது பேனாக்கத்தி. அந்தப் 'பென்' லத்தீன் மொழியின் 'பென்னா'விலிருந்து பிறந்தது. பென்னா என்றால் இறகு. எஃகு முனைகள் வருவதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர் வாத்து இறகாலும் அன்னத்தின் இறகாலும்தான் எழுதினார்கள். இறகுத்தண்டின் நுனியைச் சாய்வாகச் சீவி, நடுவே கீறி, முனையை நறுக்கினால்தான் மை ஒழுங்காக இறங்கும். எழுத எழுத முனை தேயும்; மறுபடியும் சீவ வேண்டும். இதற்கென்றே வைத்திருந்த சிறு கத்திதான் பென்னைஃப். இடைக்கால ஓவியங்களில் எழுத்தர்கள் வலக்கையில் இறகும் இடக்கையில் கத்தியுமாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அவர்கள் எழுதியது பதப்படுத்திய விலங்குத் தோலில்; சுருண்டு எழும்பும் அந்தத் தோலைக் கத்தியால் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். பிழையாக எழுதியதைச் சுரண்டி எடுக்கவும் அதுவே உதவியது.

அந்தக் கத்திகள் முதலில் மடங்காதவை. பையில் போட்டுக்கொள்ள வசதியாகப் பிற்காலத்தில்தான் மடங்கத் தொடங்கின. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பர்மிங்காம் பட்டறைகள் எஃகு முனைகளை மலிவாகச் செய்து குவித்தன. இறகு வழக்கொழிந்தது, அதைச் சீவிய கத்தி பையிலேயே தங்கிவிட்டது, பழைய பெயரோடு. மற்ற மொழிகளிலும் இதே கதைதான். ஜெர்மானியரின் 'ஃபெடர்மெஸர்' இறகுக்கத்தி. ஸ்பானியரின் 'கோர்தாப்ளூமாஸ்' இறகுவெட்டி. ரஷ்யரின் 'பெரோச்சின்னி நோஷ்' இறகு சீவும் கத்தி.

நாம் பெயர்த்தபோது பயன்படுத்திய 'பேனா' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். சாவி, அலமாரி, ஜன்னல் வந்த அதே வழி. அவர்கள் மொழியில் 'பெனா' என்றால் இன்றும் இறகுதான். ஆகவே இறகு தமிழிலும் ஒளிந்திருக்கத்தான் செய்கிறது. (பென்சில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது சிறு தூரிகையைக் குறித்த 'பெனிசில்லஸ்' என்ற வேறு லத்தீன் சொல்லின் வழிவந்தது.)

உண்மையான பேனாக்கத்தி ஒன்று தமிழில் இருந்தது. அதற்குப் பெயர் மடக்கெழுத்தாணி. ஓலையில் எழுதியவர்களுக்கும் எழுதுகருவியோடு ஒரு கத்தி தேவைப்பட்டது. ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி வேண்டும். உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுத்தாணி வகைகளை விவரிக்கிறார். கனத்த கொண்டை உடையது குண்டெழுத்தாணி. கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் கத்தி உடையது வாரெழுத்தாணி. ஒரு பிடிக்குள் ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் கத்தியுமாக, இரண்டையும் மடக்கி வைத்துக்கொள்ளும்படி அமைந்தது மடக்கெழுத்தாணி. பிடி மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக்கொம்பாலோ ஆனது. இன்று மரபான மடக்குக்கத்திகளை விரும்பிச் சேர்ப்பவர்கள் தேடுவதும் ஏறக்குறைய இதே பிடிப்பொருள்களைத்தான்: மரம், எலும்பு, கொம்பு.

பேனாவுக்கு உதவாத இந்தக் கத்தியைப் பேனாக்கத்தி என்னாமல் வேறெப்படி அழைப்பது? மடக்கெழுத்தாணியின் முதற்பாதியிலேயே நமக்கு வேண்டிய சொல்லும் இருக்கிறது. மடித்தல் வேறு, மடக்குதல் வேறு. துணியை மடிக்கிறோம், தாளை மடிக்கிறோம். வளையும் பொருள் எங்கும் மடியும். முழங்காலை மடக்குகிறோம், குடையை மடக்குகிறோம், நாற்காலியை மடக்குகிறோம்; அங்கே ஒரு மூட்டு இருக்கிறது, அந்த இடத்தில் மட்டும்தான் அது மடங்கும். கத்தியின் அலகு ஓர் ஆணியைச் சுற்றிப் பிடிக்குள் போய் அடங்குகிறது. ஆகவே மடிப்புக்கத்தி என்பதைவிட மடக்குக்கத்தி என்பதே பொருத்தம். 'சட்டைப்பைக் கத்தி' அகராதிக்காகச் செய்த சொல்லாகவே எனக்குப் படுகிறது. பொருள் இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, அது எப்படிப்பட்டது என்று சொல்லவில்லை. 'சூரி' என்றால் குத்தும் ஆயுதத்தின் நினைவு வருகிறது. ஆப்பிள் நறுக்கவும் உறை பிரிக்கவும் வைத்திருக்கும் கருவிக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

எழுதும்போது வல்லினம் மிகுமா என்று கேட்பார்கள். மடக்கு என்பதைப் பெயராகக் கொண்டால் வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் மிகும்: மடக்குக்கத்தி. மடக்கிய, மடக்குகிற, மடக்கும் கத்தி என்று வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது: மடக்கு கத்தி. இரண்டுக்கும் இலக்கணம் இடம் தருகிறது. பேனாவுக்கான கத்தி என்று விரியும் பேனாக்கத்தியில் மட்டும் மிகாமல் எழுதுவது பிழை.

மடக்குக்கத்தி பொதுப்பெயர். ஆர்வலர்கள் 'மரபுக்கத்தி' என்று சொல்லும்போது அதில் ஒரு குறிப்பிட்ட வகையை நினைக்கிறார்கள். அந்தக் கத்தியை ஒரு கையால் சொடுக்கித் திறக்க முடியாது. அலகில் உள்ள நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து, இரண்டு கையாலும் திறக்க வேண்டும். திறந்த அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டும் பெரும்பாலும் இருக்காது. பிடியின் முதுகோடு ஓடும் ஒரு பட்டை வில், அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அலகு தங்கி நிற்பது அந்த அழுத்தத்தால்தான். போதிய விசையோடு தள்ளினால் வில் விட்டுக்கொடுக்கும், அலகு மடங்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்லிப்ஜாயிண்ட்' என்று பெயர். நழுவுமூட்டு என்று பெயர்த்தால் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டிய கோளாறு போல ஒலிக்கிறது. வில்லுக்கத்தி என்று ஒரு நல்ல சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. வில்வண்டியில் வரும் வில்தான் இதுவும்: எய்கிற வில் அன்று, அழுத்தத்தைத் தாங்கி மீள்கிற எஃகுப் பட்டை. அந்தச் சொல்லையே இவ்வகைக்கு உரியதாக ஆக்கிக்கொள்ளலாம் என்பேன்.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். செய்தித்தாள்களின் குற்றச்செய்திகளில் வரும் பட்டன் கத்தியிலும் வில் உண்டு. அங்கே வில் அலகை வெளியே எறிகிறது. வில்லுக்கத்தியிலோ அலகை இருந்த இடத்திலேயே இருத்திவைக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது, அன்றாடம் கத்தி வைத்திருக்கும் ஒருவருக்கு வெறும் சொற்பிழையாக முடியாது. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். திறந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தியை அந்த விலக்குக்குள் நீதிமன்றங்கள் சேர்ப்பதில்லை.

மரபு என்று கொண்டாடப்படுவதெல்லாம் வில்லுக்கத்தியும் அன்று. பிரான்சின் லாகியோல் வில்லுக்கத்திதான். ஆனால் அதே நாட்டின் ஒப்பினெல், 1890இல் பிறந்த எளிய மரப்பிடிக் கத்தி, வில்லே இல்லாதது. 1955 முதல் கழுத்தில் திருகும் வளையம் ஒன்று அதைப் பூட்டுகிறது. ஜப்பானின் ஹிகோனோகாமியில் வில்லும் கிடையாது, பூட்டும் கிடையாது. அலகின் வாலைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் அது திறந்திருக்கும். பல தலைமுறைகளாகப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி அது. பேனாக்கத்தியின் பழைய தொழிலுக்கு மிக அருகில் நின்றது அதுதான். பெயரில் மட்டும் எழுதுகோல் இல்லை. மூன்றையும் மடக்குக்கத்தி என்ற பொதுப்பெயர் சிரமமில்லாமல் தாங்குகிறது.

அப்படியானால் பேனாக்கத்தியை என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆர்வலர்களின் பேச்சில் அதற்குக் குறுகிய, துல்லியமான பொருள் ஒன்று உண்டு. பிடியின் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வோர் அலகாகத் திறக்கும் மெல்லிய சிறு கத்திதான் பேனா வகை. அலகு எல்லாம் ஒரே முனையிலிருந்து திறந்தால், அது 'ஜாக்' வகை. தமிழிலும் பேனாக்கத்தியை அந்த ஒன்றுக்கு ஒதுக்கிவிடலாம். பார்லோ, ட்ராப்பர், பீனட், ஸ்டாக்மேன் என்று மரபுக்கத்திகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் வடிவப் பெயர்களை ஒலிபெயர்த்தாலே போதும். ஸ்டாக்மேனை 'மேய்ப்பர் கத்தி' என்று தமிழாக்கினால், அதன் மூன்று அலகுகளில் ஒன்று கால்நடைக்குக் காயடிக்க ஏற்பட்டது என்பது விளங்கிவிடாது. பீனட்டை 'வேர்க்கடலைக் கத்தி' என்றாலோ, கடலை உடைக்கும் கருவி என்றுதான் நினைப்பார்கள்.