கற்பனை நண்பர் நோய் அல்ல

"தனியாகப் பேசுகிறான், மந்திரித்துவிடலாமா, மாத்திரை தருவீர்களா?" தண்டையார்பேட்டையில் உளவியல் ஆலோசகராக இருக்கும் என்னிடம் பெற்றோர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியாக வந்தவர் காசிமேட்டில் கானா எழுதும் இளைஞர் (அடையாளம் தெரியாதபடிதான் எழுதுகிறேன்). விநோத உடையும் யாருக்கும் அடங்காத பேச்சுமாக வலம்வரும் ஒரு பிரபலப் பாடகரை மனத்துக்குள் நண்பராக்கிக்கொண்டவர். புதிதாக எழுதும் எந்த வரியையும் முதலில் அவருக்குத்தான் பாடிக்காட்டுவார். வீட்டார் பாட்டு நோட்டைக் கிழித்துவிட்டார்கள்.

ஏன் கிழித்தீர்கள்? இது நோய் அல்ல. திரும்பவும் சொல்கிறேன், நோய் அல்ல. வானொலி, தொலைக்காட்சி நேயர்களிடம் தோன்றும் இந்த ஒருதலை நெருக்கத்தை ஹார்ட்டன், வோல் என்ற ஆய்வாளர்கள் 1956இலேயே விவரித்துவிட்டார்கள். நம்மிடம் அதைவிடப் பழைய சாட்சி உண்டு. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார், முகம் பார்த்திராத கோப்பெருஞ்சோழனைத் தன் நண்பனாகவே கொண்டாடினார். ஆனால் சோழனும் அவரை அறிந்திருந்தான். உண்ணா நோன்பிருந்து உயிர்விட வடக்கிருந்தபோது அவருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னான். உங்கள் மகனின் பாடகருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. இது அவனுக்குப் புரிந்திருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். இந்த இளைஞருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. "டிவியில் எனக்கு மட்டும் சைகை காட்டுகிறார்" என்று ஒருவர் அசையாமல் நம்பினால், தூக்கமும் வேலையும் கெட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் இலவசமாகப் பேசலாம்.

நான் அஞ்சுவது உங்கள் ஏளனத்துக்குத்தான். அந்தப் பாடகரின் பெயரில் ஒரு போலிக் கணக்கு, "உன் பாட்டு பிடித்திருக்கிறது தம்பி" என்று செய்தி அனுப்பியது. ஏற்கெனவே கேலிக்கு ஆளானவர் வீட்டில் வாயே திறக்கவில்லை. ரெக்கார்டிங் செலவு என்று கேட்ட பணத்தை அனுப்பிவிட்டார்.

பாட்டெழுதும் தம்பி, தங்கைகளே, வாய்ப்புத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் அந்த எண்ணை உடனே தடுத்துவிடுங்கள். பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அந்த மணி நேரத்திலேயே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். எழுதிய பாட்டின் பதிப்புரிமை எழுதியவருடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் தேதியிட்ட பிரதி கையில் இல்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பெற்றோரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். புதுப் பாட்டு இருந்தால் பாடச் சொல்லிக் கேளுங்கள். யாருக்கு அனுப்புகிறாய் என்று அதட்டாமல் விசாரியுங்கள். இன்று சொல்லாவிட்டால் நாளை மறுபடியும் கேளுங்கள்.