வாடைக்காற்றும் கேரல் பாட்டும்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். டிசம்பரில் பல்கலைக்கழகப் பாடகர் குழு ஒன்று அவர்கள் ஊர்க் கோயில் வாசலில் மைக் வைத்துக் கிறிஸ்துமஸ் கேரல் பாடியதாம். தெற்கே மன்னார் வளைகுடாவில் வலை விட்டிருந்த அப்பாவுக்குப் பாட்டு நன்றாகக் கேட்டிருக்கிறது. வடக்கே பாக் விரிகுடாவில், கரைக்கு இன்னும் பக்கத்தில் நின்ற சித்தப்பாவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஏன்?

"வாடை அடித்தது, பாட்டைத் தெற்கே தள்ளிக்கொண்டு போயிருக்கும்" என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் ஒலி வினாடிக்கு சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. வாடை 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீதம்கூட இல்லை. இந்தத் தள்ளல் சித்தப்பாவின் காதை அடைத்துவிடாது.

காற்று மேலும் கீழும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தென்னையும் வீடும் அலையும் உரசி, கீழ்க்காற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. தரையை ஒட்டி 3 மீட்டர் வேகம், பத்து மீட்டர் உயரத்தில் 6 மீட்டர் என்றால், காற்றோடு போகும் ஒலி அலையின் மேல்பகுதி கீழ்ப்பகுதியை மெல்ல முந்தும். ஒலி 1 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 3 வினாடி. அதற்குள் மேல்பகுதி 9 மீட்டர் முன்னே போய்விடுகிறது! வள்ளத்தில் ஒரு பக்கத் தண்டை மட்டும் வேகமாக வலித்தால் வள்ளம் மறுபக்கம் திரும்பும் இல்லையா, அப்படியே அலையும் கீழ்நோக்கித் திரும்புகிறது. வானத்துக்குப் போயிருக்க வேண்டிய பாட்டு வளைந்து கடல்மேல் இறங்குகிறது. நீர்ப்பரப்பு அதை விழுங்காமல் மேலே திருப்பி அனுப்ப, அது மறுபடியும் வளைந்து இறங்குகிறது. இப்படித் தத்தித் தத்தித்தான் அப்பாவின் வள்ளத்துக்குப் பாட்டு போய்ச் சேர்ந்தது.

வடக்கே எல்லாம் தலைகீழ். எதிர்க்காற்று மேல்பகுதியைத்தான் அதிகம் தடுக்கிறது. அதனால் அலை மேல்நோக்கி வளைந்து, சித்தப்பாவின் தலைக்கு மேலே போய்விட்டது. அவர் நின்ற இடம் ஒலியின் நிழல். அந்த நிழலுக்குள்ளும் கொஞ்சம் கசிகிற ஒலி, தடித்த ஆண்குரல்களின் கீழ்ச்சுருதிதான். பெண்குரல்களின் உச்சம்தான் முதலில் காணாமல் போகும்.

இதை 1857-லேயே இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் விளக்கிவிட்டார். 1874-ல் பொறியியலாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு மின்மணியை ஒலிக்கவிட்டுச் சோதித்துப் பார்த்தார். ஒரு மணி, திறந்த வெளி, பொறுமையான காது, அவ்வளவுதான். நம் கடற்கரைக் கல்லூரிகளுக்கு ஒரு கம்பமும் நான்கு காற்றுமானிகளும் வாங்கப் பணம் ஒதுக்கினால், இதே சோதனையை மாணவர்கள் பாம்பன் கரையில் செய்துவிடலாம். பெரிய கருவிகளுக்குக் காத்திருந்தே நாம் இந்த எளிய கேள்விகளைக் கைவிட்டுவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

அப்புறம், சித்தப்பாவுக்கு ஒரு செய்தி. காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று மணி கேட்காமல் போனபோது, ரெனால்ட்ஸ் உயரத்தில் ஏறிக் கேட்டார். ஒலி திரும்பக் கிடைத்தது. அடுத்த டிசம்பரில் பாட்டு மங்கத் தொடங்குகிற இடத்தில், படகின் வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) கூரைமேல் ஏறி நின்று பாருங்கள்.