ஸ்பான்சர்ஷிப்புக்குப் ‘புரவலர் தொகை’யா?

மேலூர்ப் பக்கம், பிள்ளைகளை வீட்டிலேயே வளர்க்க அரசு மாதாமாதம் தரும் ‘ஸ்பான்சர்ஷிப்’ பணம் பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். மூச்சுக்கு மூச்சு ‘புரவலர் தொகை’ என்று முழங்கிவிட்டு இறங்கினார்கள். கணவரை இழந்த ஓர் அம்மா மனுவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏண்ணே, அந்தப் புரவலரு எந்த ஊருன்னு சொன்னீகன்னா, பிள்ளைகளக் கூட்டிப் போயி ஒரு கும்பிடு போட்டு வந்துருவேன்ல?” துண்டறிக்கையில் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த சொல்தான். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ஸ்பான்சர் என்றால் பிணை நிற்பவர். பிறகு ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக வாக்குக் கொடுக்கும் ஞானத்தாய், ஞானத்தகப்பனுக்கு ஆகிவந்தது. இன்று கிரிக்கெட் சட்டையில் பெயர் போடும் கம்பெனியும் ஸ்பான்சர்தான்.

இங்கே பேச்சு வேறு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்லும் ஸ்பான்சர்ஷிப் இது. தாய் கைம்பெண்ணாகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பெற்றோர் தீரா நோயிலோ விபத்திலோ முடங்கியிருந்தால், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் பிள்ளை வளர்ந்தால், அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுப்பது. ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யா வழியாகப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. காசில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை இல்லத்தில் கொண்டுபோய் விடாமல் வீட்டிலேயே வளர்க்கவேண்டும் என்பதுதான் நோக்கம். (வீடு, இல்லம் இரண்டும் ஒன்று என்று பள்ளியில் படித்தோம். அரசுத் தமிழில் இல்லம் என்றால் விடுதி!)

புரவலர் அழகான சொல்தான், மறுக்கவில்லை. புரத்தல், காத்தல். ஆனால் தனியாக வராது, கையேந்தி நிற்பவரைச் சொல்லும் ‘இரவலர்’ கூடவே வரும். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பாடியிருக்கிறார். கொடுப்பவரைப் புரவலர் என்று சொன்ன நிமிடமே வாங்கும் பிள்ளை இரவலர் ஆகிவிடுகிறது. நூலகத்துக்கு 1,000 ரூபாய் கட்டுகிறவரைப் புரவலர் என்று பலகையில் எழுதுகிறோம், தாராளமாக எழுதலாம். சட்டத்தில் தனியாள் ஒருவர் பிள்ளைக்கு உதவவும் வழி உண்டு, அவருக்கும் அந்தப் பெயர் பொருந்தும். இந்த 4,000 அப்படியா? ஒன்றிய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு போட்டுத் தருகிற வரிப்பணம். மேலூர் அம்மா தீப்பெட்டி வாங்கினாலும் அதில் வரி இருக்கிறது. அவர் யாரைப் போய்க் கும்பிடவேண்டும்?

‘நிதி ஆதரவு’ என்றும் எழுதுகிறார்கள். அவ்வளவு கேடில்லை. ஆனாலும் ‘ஆதரவு’ என்றதும் நம் அலுவலகங்களில் ‘ஆதரவற்ற’ என்ற அடைமொழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தாய் குத்துக்கல்லாட்டம் எதிரில் நிற்கும்போதே பிள்ளையை ‘ஆதரவற்ற குழந்தை’ என்று நிரப்பிய படிவத்தைக் கண்ணால் பார்த்தேன். இதை மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியை மட்டும் பார்க்கிறார்கள், வரிசையில் நிற்கிற முகத்தைப் பார்ப்பதில்லை. ‘யூனிட்’டுக்கு ‘அலகு’ போட்டு, ‘குழந்தைகள் பாதுகாப்பு அலகு’ என்று கிளி மூக்கை நினைவுபடுத்தியவர்களும் இவர்கள்தானே.

என் கட்சி ‘பிள்ளைப்படி’. படி தானியம் அளக்கிற படி. கோயில் ஊழியத்துக்கு நாள்தோறும் அளந்து கொடுத்தது படித்தரம். அதே வழியில்தான் பயணப்படியும் பஞ்சப்படியும் வந்தன. மதுரைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்கழித் தேய்பிறை அஷ்டமியன்று மீனாட்சியும் சொக்கரும் வெளிவீதியில் சப்பரத்தில் வந்து எல்லா உயிருக்கும் படியளக்கிறார்கள், வழியெல்லாம் அரிசி தூவுகிறார்கள். அம்மன் சப்பரத்தை இழுப்பது பெண்கள். சிதறிய அரிசியைப் பொறுக்கிக்கொண்டு போய் அரிசிப் பானையில் போடுகிறவர்களில் வசதியானவர்களும் உண்டு. யாரும் அதைப் பிச்சை என்று நினைப்பதில்லை. அவரவர் பங்கு, அவ்வளவுதான்.

‘படி’ என்றால் வாசிப்பது, மாடிப்படி என்றெல்லாம் குழம்புமே என்று ஒரு நண்பர் மடக்கப் பார்த்தார். பஞ்சப்படி உயர்வு அறிவிப்பு வந்த அன்றைக்கு மாடியைத் தேடிப் போன அரசு ஊழியர் ஒருவரையாவது காட்டச் சொன்னேன்.