மறுப்பு வந்த பிறகும் பொய் ஏன் போவதில்லை?

சிங்கப்பூரில் 2015 தைப்பூச ஊர்வலத்தில் மேளம் வாசித்தது தொடர்பாகப் பக்தர்கள் சிலருக்கும் போலீசாருக்கும் தகராறு ஏற்பட்டது. அது நடந்ததுதான். ஆனால் சூட்டோடு சூடாக ஓர் இணையத்தளம் அதற்கு ஒரு காரணத்தைச் சேர்த்தது: பிலிப்பீன்ஸ் குடும்பம் ஒன்று புகார் கொடுத்ததாம். அப்படி ஒரு புகாரே இல்லை. இதுபோன்ற பதிவுகளுக்காக அந்தத் தளம் மூடப்பட்டது, நடத்திய இருவர் சிறைக்குப் போனார்கள்.

ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதலே தடை இருந்தது. அதைத் தளர்த்தலாமா என்பது அப்போது அரசிடம் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. பொய் அந்தக் கேள்வியை அங்கிருந்து பிடுங்கி, பக்கத்து வீட்டுக்காரர் மீதான கோபமாக மாற்றிவிட்டது. ஜனநாயகத்துக்கு இதைவிடப் பெரிய சேதம் இல்லை என்று நினைக்கிறேன்.

சரி, மறுப்பு வந்ததும் பொய் மறைய வேண்டாமா? 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கிடங்கு ஒன்று தீப்பிடித்த செய்தியைத் துண்டு துண்டாகப் படிக்கக் கொடுத்தார்கள். அலமாரியில் பெயின்ட்டும் எரிவாயு உருளைகளும் இருந்ததாக முதலில் வரும். அப்புறம், அது தவறு, அலமாரி காலி என்று திருத்தம் வரும். திருத்தத்தைப் படித்தவர்களுக்கு அது நன்றாகவே நினைவிருந்தது. ஆனாலும் புகை ஏன் அவ்வளவு கருமையாக இருந்தது என்று கேட்டால் பெயின்ட்டைத்தான் கைகாட்டினார்கள்.

மனம் செய்தியைக் காரணமும் விளைவுமாகக் கோத்து வைக்கிறது. காரணத்தை மட்டும் உருவிவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்கும்; பழைய பொய்யே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்குத் தடயம் கிடைத்தது என்று வேறு காரணத்தைக் கொடுத்தபோது, பெயின்ட் பேச்சு வெகுவாகக் குறைந்தது.

திரும்பத் திரும்பக் கேட்பது உண்மைபோலத் தோன்றும் என்பதும் 1977இலேயே ஆய்வில் தெரிந்த விஷயம். ஒரே தகவல் நான்கு வாட்ஸ்ஆப் குழுக்களில் வந்தால் நான்கு சாட்சிகள் சொன்னதுபோல இருக்கும்.

சிங்கப்பூரில் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்த, இணையத்தில் பரவும் பொய்களுக்கு எதிரான பொஃப்மா சட்டத்தின்கீழ், பொய்ப் பதிவோடு திருத்தத்தையும் போடும்படி உத்தரவிடலாம். ஆனால் குடும்பக் குழுவில் அனுப்பியவர் மாமாவாகவோ சித்தியாகவோ இருப்பார். அங்கே “பொய், அனுப்பாதீங்க” என்று மட்டும் போட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். “புகார் எதுவும் வரவில்லை மாமா, மேளத்துக்கு அனுமதி இல்லாததால் வந்த தகராறு அது. மறு வருஷமே வழியில் மூன்று இடங்களில் இசைக்கு அனுமதி கொடுத்தார்கள்” என்று காரணத்தையும் சேர்த்து எழுதலாம்.